மி.மி.அ.: அடங்காதவர் பட்டியல் குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரை

கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றின் விழுமியங்கள் எவை என்று அறிய விரும்புவோர் நூலகம் வரை செல்ல வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் அப்பள்ளியின் முகப்புச் சுவரிலேயே, மாதா கெபிக்கு அருகில், நீல வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். கெபி என்பது மாதா சொரூபத்தை வைப்பதற்காகப் பாறைக் குகை போலச் சிமெண்டில் கட்டப்படும் அமைப்பு. அதன் முன்னே மெழுகுவர்த்தித் தட்டு ஒன்றும், மழைக்காலத்தில் தவளை ஒன்றும் இருப்பது வழக்கம். சுவரில் உள்ள சொற்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் இறைப்பற்று, ஒழுக்கம், பகிர்வு, வாய்மை என்ற நான்கில் மூன்றேனும் தவறாமல் இடம்பெறும். இந்நான்கையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இவை யாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தும் எந்தச் சுவரிலும் எழுதப்படாத ஐந்தாவது விழுமியம் ஒன்றை இறுதியில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒழுக்கம் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதை முடித்தால்தான் மற்ற மூன்றையும் சொல்வதற்கு வகுப்பில் அமைதி இருக்கும் என்பது இத்துறையில் பழகிய எவரும் ஒப்புக்கொள்வது.

சுவரில் ஒழுக்கம் என்று எழுதப்பட்டாலும் நடைமுறையில் வழங்கும் சொல் அடக்கம். "சிஸ்டர் ஸ்கூல்ல போட்டா தானா அடங்கிடும்" என்னும் வாக்கியம் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் சமய வேறுபாடின்றி எல்லா வீட்டு வாசல்களிலும் ஒலிப்பது. கத்தோலிக்கர் அல்லாத பெற்றோர் இப்பள்ளிகளை நாடுவதற்கு முதன்மையான காரணமும் இதுவே. இங்கே சிஸ்டர் என்பது துறவற சபையைச் சேர்ந்த கன்னியரைக் குறிக்கும். அடங்க வேண்டியது எது என்பதைக் காட்டும் எழுவாய் அவ்வாக்கியத்தில் இல்லை. பிள்ளை என்று பாட்டி கருதுகிறார், பிள்ளையின் தகப்பன் என்று தாய் கருதுவதாகவும் தெரிகிறது. அடக்கம் என்ற சொல்லுக்கோ தமிழில் பொருள் பல. வள்ளுவர் 13ஆம் அதிகாரத்தில் வற்புறுத்தும் அடக்கமுடைமை ஒன்று. இலாபமே வைக்கவில்லை என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சொல்லும் அடக்க விலை ஒன்று. தமக்கு ஒன்றும் தெரியாது என்று புலவர் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டு, அதன்பின் சில ஆயிரம் பாடல்களைப் பாடிவிடும் அவையடக்கம் ஒன்று. இறந்தவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து மண் இடும் கிறித்தவச் சடங்கு ஒன்று. பெற்றோர் முதற்பொருளை எண்ணிப் பிள்ளையைச் சேர்க்கின்றனர்; பிள்ளையோ சேர்ந்த முதல் வாரத்திலேயே கடைசிப் பொருளை உணர்ந்துவிடுகிறது.

இத்தகைய அடக்கத்தை வளர்ப்பதற்குக் கோவளத்தைவிடப் பொருந்தாத ஊரை இக்கடற்கரையில் காண்பது அரிது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, முட்டுக்காட்டு உப்பங்கழி கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிக் கிடக்கும் இவ்வூர் எந்தக் காலத்திலும் வாய்மூடி இருந்ததில்லை. நவாபு காலத்துக் கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றியது சைகை மொழியில் அன்று. ஜான் டி மான்டி என்னும் சென்னை வணிகர் 1808இல் எழுப்பிய கார்மேல் மாதா ஆலயத்தின் மணி ஒரு பக்கம், தமீம் அன்சாரி தர்காவுக்கு வருவோரின் கூட்டம் மறுபக்கம், கோட்டை நின்ற இடத்தில் இப்போதுள்ள நட்சத்திர விடுதியின் திருமண மேளம் இன்னொரு பக்கம் என்று ஊரின் ஓசை பகுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. மாதா திருவிழா நடைபெறும் ஜூலை மாதத்தில் ஒலிபெருக்கிக்காரர் ஒருவரைத் தவிர வேறு எவர் பேச்சும் கேட்காது.

இவை யாவும் சேர்ந்தாலும் காலை நேரத்து மீன் ஏலத்துக்கு ஈடாகா. ஃபைபர் படகு கரையேறி, வலையை உதறி, மீனைக் கூறு கூறாக மணலில் கொட்டியதும் தொடங்கும் அந்த ஏலத்தில், வஞ்சிரத்தின் விலை நூறு ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் ஏலம் கேட்கும் பெண்ணின் தொண்டையைப் பொறுத்தது. காற்று எதிரே வீசும்போது ஒரு படகிலிருந்து மறு படகுக்குச் செய்தி சொல்லும் தந்தைக்கும், ஐம்பது பேருக்கு நடுவே தன் கேள்வியை நிலைநாட்டும் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கு உரத்த குரல் என்பது தீயொழுக்கம் அன்று, குடும்பச் சொத்து. ஏழு மணிக்கு அந்தக் குரலோடு மணலில் நின்ற குழந்தை ஒன்பது மணிக்கு வகுப்பில் கைகட்டி, வாய்மேல் விரல் வைத்து உட்காருகிறது.

ஆசிரியர்கள் வேண்டுவது பின் டிராப் சைலன்ஸ். அதாவது, குண்டூசி கீழே விழுந்தால் அவ்வோசை கேட்கும் அளவுக்கு அமைதி. கடலுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள வகுப்பறையில் குண்டூசி அன்று, குத்துவிளக்கே விழுந்தாலும் அலையோசையில் அமுங்கிப்போகும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் சன்னல் கதவுகள் அடித்துக்கொள்வதைத் தனியே கணக்கிட வேண்டும். இக்கோட்பாட்டைச் சோதித்து அறியும் எண்ணத்தோடு உண்மையாகவே ஒரு குண்டூசியைக் கீழே போட்டுப் பார்த்த மாணவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்டு. அறிவியல் மனப்பான்மைக்காக அவர்களுள் எவரும் பாராட்டப்பட்டதற்குச் சான்றில்லை.

இந்த அமைதி வேட்கை இங்கே ஓசையில் தொடங்கியது என்பதுதான் விந்தை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், கையில் மணி ஒன்றை ஒலித்தபடி ஊரைச் சுற்றிவந்து சிறுவரைத் திரட்டிச் செபம் கற்பித்ததை 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் தாமே குறிப்பிட்டுள்ளார். பள்ளிக்கூட மணியைக் கண்டு ஓடும் பிள்ளைகளின் வரலாறும் அங்கிருந்தே தொடங்குவதாகக் கொள்ளலாம். அவருக்குப் பின் வந்த இயேசு சபைத் துறவி அன்றீக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் அவர் வெளியிட்ட கிரீசித்தியானி வணக்கம் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினாவிடை வடிவில் அமைந்தது. தமிழ் அச்சு வரலாற்றில் மாணவர் வாய் திறந்த முதல் இடம் அதுவாகவே இருக்கக்கூடும். கேட்ட கேள்விக்கு மட்டும், அச்சில் உள்ள விடையை மட்டும் சொல்வதற்காகவே அந்த வாய் திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவிய புனித யோவான் லசால் (1651-1719) இன்னும் ஒரு படி மேலே சென்றார். அவர் மறைந்த மறு ஆண்டு அச்சான பள்ளி நடத்தை நூல், ஆசிரியர் வாயால் ஆணையிடாமல் 'டக்' என்று ஒலிக்கும் சிறு கருவி ஒன்றைத் தட்டியே வகுப்பை நடத்த வேண்டும் என்று விதித்தது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவரை ஆசிரியர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். லசால் ஆசிரியரையும் பேசவிடவில்லை என்ற பகுதியை மட்டும் நம் பள்ளிகள் எப்படியோ படிக்காமல் விட்டுவிட்டன.

இனி, அடங்காதவர் பட்டியல். "லீடர், பேசுறவங்க பேரை எழுதி வை" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வெளியேறுவதும், லீடர் கரும்பலகையின் வலது ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு கிழித்துப் "பேசியவர்" என்று தலைப்பிட்டு அடிக்கோடிடுவதும் யாவரும் அறிந்தவை; விளக்கம் வேண்டுவோர் தம் நினைவில் தேடிப் பார்க்கலாம், அங்கே தம் பெயரும் அகப்படும். இம்முறையை மேலைநாட்டார் நமக்குக் கொடுத்ததாகக் கருதுவது பிழை. நாம்தான் அவர்களுக்குக் கொடுத்தோம். 1789இல் எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவரை ஆளும் முறையை அங்கே வகுத்தார். குற்றங்களைப் பதிவதற்கு ஒரு கறுப்புப் புத்தகமும், வாரந்தோறும் அதை விசாரிப்பதற்கு மாணவர்களே அடங்கிய நடுவர் குழுவும் அங்கே இருந்தன. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் மெட்ராஸ் முறை என்ற பெயரோடு இது பல நாடுகளுக்குப் பரவியது. பெல் கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த குரு. ஆயினும் இவ்விடயத்தில் திருச்சபைகளுக்கிடையே கருத்து வேறுபாடு எழுந்ததாகத் தெரியவில்லை. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் இன்றைய லீடரின் மூதாதை என்பதும் வெளிப்படை. நடுவர் குழுவை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டது பின்னாளைய சீர்திருத்தம்.

பட்டியலின் உயிர் அதன் தரவரிசையில் உள்ளது. வெறும் பெயர் முதற்படி. பெயர் எழுதப்பட்ட பின்னும் பேசுபவருக்கு எதிரே அ. என்று இடப்படும், அடங்கவில்லை என்பது அதன் விரிவு. மேலும் பேசினால் மி.அ., அதாவது மிக அடங்கவில்லை. அதற்கும் மேல் மி.மி.அ. சில வகுப்புகளில் மி.மி.மி.அ. வரை சென்றதற்கு வாய்மொழிச் சான்றுகள் உள. அதற்கு மேல் கரும்பலகையில் இடம் இராது. பெயருக்கு எதிரே பெருக்கல் குறியிட்டு எண் எழுதும் கிளை மரபும் உண்டெனினும், அது கணக்கு ஆசிரியரின் வகுப்புக்கே உரியது, தமிழ் நெஞ்சங்களில் இடம்பெறாதது. இவ்விடத்தில் ஓர் இலக்கணச் சிக்கலைச் சுட்டாமல் செல்வது முறையாகாது. மிக என்னும் வினையடை அடங்குதலைச் சிறப்பிக்கிறதா, அடங்காமையைச் சிறப்பிக்கிறதா? "மிகச் சாப்பிடவில்லை" என்றால் ஓரளவு சாப்பிட்டார் என்றுதானே பொருள்? அவ்வாறாயின் மிக அடங்கவில்லை என்பவர் ஓரளவு அடங்கியவர், மி.மி.அ. என்பவர் பெருமளவு அடங்கி, மிக மிக அடங்குதல் என்னும் முனிவர் நிலையை மட்டும் எட்டாதவர். இலக்கணப்படி மி. கூடக்கூடத் தண்டனை குறைய வேண்டும். இவ்வாதத்தை முன்வைத்து முட்டி போடுதலிலிருந்து தப்பியவர் எவரும் இல்லை. எட்டு வயதில் இவ்வாதம் தோன்றுவதில்லை, தோன்றும் வயதில் முட்டி மடங்குவதில்லை.

மறைக்கல்வியோடு ஒப்பிட்டால் இத்தரவரிசை இன்னும் விளங்கும். மறைக்கல்வி என்பது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பு. பழைய பெயர் ஞானோபதேசம். அந்நேரத்தில் பிற சமயப் பிள்ளைகள் அடுத்த அறையில் நன்னெறி வகுப்புக்குச் செல்வர், இடைச்சுவர் மெல்லியதாகையால் இரு சாராரும் இரண்டையும் கற்பர். அருள் நிறைந்த மரியே செபத்தைத் திக்காமல் சொல்ல வேண்டுமானால் தர்கா தெருப் பிள்ளையைக் கூப்பிடுவது பல வகுப்புகளில் வழக்கம். மறைக்கல்வியில் பாவம் இருவகைப்படும்: அற்பப் பாவம், சாவான பாவம். முன்னது அருளைக் குறைப்பது, பின்னது அருளை இழக்கச் செய்வது. வெறும் பெயர் அற்பப் பாவத்துக்கும் மி.மி.அ. சாவான பாவத்துக்கும் நிகரானவை என்று மூன்றாம் வகுப்பு மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்கின்றனர். இறந்தோரின் ஆன்மா விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற தலம் எங்குள்ளது என்ற வினாவுக்கும் அவர்களிடம் விடை உண்டு. தலைமையாசிரியை அறைக்கு வெளியே உள்ள வராந்தா.

நன்மை வாங்கும், அதாவது முதன்முறை நற்கருணை பெறும், வயதைத் திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் ஏறத்தாழ ஏழாகக் குறைத்தமையால், முதல் பாவசங்கீர்த்தனத்துக்கும் பட்டியலில் முதல் பெயர்ப் பதிவுக்கும் ஒரே பருவம் வாய்த்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் என்பது குருவிடம் தனியே பாவங்களை அறிக்கையிடும் அருளடையாளம். இன்று ஒப்புரவு எனப்படுகிறது. ஏழு வயதில் அறிக்கையிடத்தக்க பாவங்கள் போதிய அளவு கையிருப்பில் இரா ஆகையால், "அம்மாவை எதிர்த்துப் பேசினேன், தம்பியை அடித்தேன், பொய் சொன்னேன்" என்ற மூன்றும் வரிசையில் நிற்கும் எல்லோராலும் பொதுவில் பயன்படுத்தப்படும். தம்பி இல்லாத பிள்ளைகளும் அடித்ததாக ஒப்புக்கொண்டதுண்டு. குருவின் காதில் சொன்னது எக்காலத்தும் வெளியேறாது. அதற்காக உயிரையும் விடுவார் குரு. கரும்பலகையில் எழுதப்பட்டதையோ எதிர் வகுப்பிலிருந்தே படிக்கலாம். ஆண்டவர் மறைத்து வைக்கும் பாவத்தை லீடர் கொட்டை எழுத்தில் எழுதுகிறார்.

லீடர் என்னும் பதவியைப் பற்றி நயமாக எழுதுவது கடினம். வகுப்பில் மிகுதியாகப் பேசுபவர் லீடரே; அரை நிமிடத்துக்கு ஒருமுறை "பேசாதீங்க" என்று அவர் எழுப்பும் கூச்சலை நீக்கிவிட்டால் எஞ்சும் ஓசை அலையோசைக்கும் கீழே போய்விடும். ஆயினும் அவர் பெயர் பட்டியலில் ஏறாது. அவர் சட்டத்துக்கு மேற்பட்டவர் என்பதால் அன்று. சுண்ணக்கட்டி அவர் கையில் இருக்கிறது. அவருடைய நெருங்கிய தோழி பேசினால் லீடருக்குக் காது கேட்காது. பென்சில் சீவி, மினுங்கும் ஸ்டிக்கர், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று ஆகியவற்றுக்கு ஈடாகப் பெயர்கள் அழிக்கப்படுவதும், விரலால் அழித்ததற்கு அடையாளமாகப் பலகையில் வெண்புகைத் திட்டு ஒன்று தங்குவதும் வழக்கம். இவ்வளவு உழைப்பில் உருவான பட்டியலை ஆசிரியர் திரும்பி வந்து என்ன செய்கிறார் என்று பார்த்தால் நெஞ்சு பதறும். ஒன்று, கணக்குப் போட இடம் வேண்டி ஒரு வரிகூடப் படிக்காமல் டஸ்டரால் துடைத்துவிடுகிறார். அல்லது, பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாரும் முட்டி போடுங்க" என்கிறார். இறுதித் தீர்ப்பு நாளில் செம்மறியும் வெள்ளாடும் பிரிக்கப்படும் என்று மறைக்கல்வியில் படித்த பிள்ளைகள், இங்கே மந்தை முழுவதும் முட்டி போடுவதைக் கண்டு சமயம் குறித்து என்ன முடிவுக்கு வருவர் என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்பட்டியல் குழந்தைகளோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே எழுந்திராது. அண்மையில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள ஏதோ ஒரு தொடக்கப்பள்ளியில் (பெயர் இங்கே வேண்டியதில்லை; மின்விசிறி ஓடாத பள்ளி என்றால் போதும்) வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடைபெறுவதாக அறிவிக்கப்பட்டது. தாளாளர் தலைமை. தாளாளர் என்பவர் பள்ளி நிருவாகத்தின் சார்பில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர், அதாவது தாள் வழியே பேசுபவர். தாமதம் அப்பதவியின் இலக்கணம் அன்று, ஆனால் அன்று அவர் வருவதற்கு மணி மூன்று இருபது ஆயிற்று. அதுவரை அமைதி காக்கும் பொருட்டு, காத்திருந்த அறுபது பெரியவர்களுக்கு மூன்றாம் வகுப்பு லீடரான சிறுமி ஒருத்தியை ஆசிரியை நியமித்துச் சென்றார். விளையாட்டாகத்தான் செய்தார் என்று பிறகு கூறப்பட்டது. சிறுமி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் பெஞ்சில், முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து, அதாவது பேசுவதற்கென்றே ஊதியம் பெற்று ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மகனும் மருமகளும் சிறுசேரியில் கணினி வேலையில் இருந்தமையால் பேத்தியின் சார்பில் அவர் வந்திருந்தார். இரண்டு நாற்பதுக்கு அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமாம்?" என்று கேட்டார். பலகையில் "மூணாவது பெஞ்சு தாத்தா" என்று பதிவாயிற்று. அவருடைய முனைவர் பட்டத்துக்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. இது பொறுக்கத்தக்கதே. ஆனால், தலைப்பில் "பேசியவர்" என்பதற்குப் பதிலாகப் "பெசியவர்" என்று எழுதியிருந்ததை அவரால் பொறுக்க இயலவில்லை. "பாப்பா, அது ரெட்டைக் கொம்பு" என்றார். சிறுமி திரும்பிப் பார்த்து, "தாத்தா, பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மி.அ. என்று சேர்த்தாள்.

நெடிலுக்கும் குறிலுக்கும் ஒரே ஒற்றைக் கொம்பை இட்டு, புள்ளி உண்டா இல்லையா என்று ஓலையில் தடவிப் பார்த்துப் படித்துவந்த தமிழர்க்கு, ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இரட்டைக் கொம்பு முதலியவற்றை வகுத்துத் தந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்து, கான்ஸ்டான்டைன் பெஸ்கி என்னும் பெயரோடு இயேசு சபைத் துறவியாக இங்கு வந்தவர். அவர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரித்துவைத்ததை ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் கரும்பலகையே மீண்டும் ஒன்றாக்குவதை எப்படிப் பொறுப்பது? மேற்படி முதியவர் இச்செய்தியைச் சுருக்கமாக, பெஸ்கியின் பிறப்பிலிருந்து தொடங்கி, எழுந்து நின்று விளக்கினார். பரமார்த்த குருவின் சீடர்களான மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐவரையும் படைத்தவர் அவரே என்பதையும், அவ்வைவருக்கும் ஒரு லீடர் இல்லாதது பெரும் பேறு என்பதையும் சேர்த்துச் சொன்னார். மி.மி.அ. அறுபது பேர் முன்னிலையில், கோணல் எழுத்தில், மூன்று புள்ளிகளும் தவறாமல் இடப்பட்டது. கொம்பு அப்படியே ஒற்றையாக நின்றது.

அம்முதியவரும் இக்கட்டுரையின் ஆசிரியரும் ஒருவரே என்று சிலர் ஐயுறக்கூடும். ஆய்வு நெறிப்படி இத்தகைய ஐயங்களுக்கு ஒப்புதலும் மறுப்பும் தேவையில்லை. ஆயினும் அந்த பெஞ்சில் கால் நீட்ட இடமில்லை என்பது உறுதியாகத் தெரியும். கவனிக்கத்தக்கது மற்ற ஐம்பத்தொன்பது பேரின் நடத்தை. படகோட்டிகள், வங்கி ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், ஏலத்தில் வஞ்சிரத்தின் விலையைத் தொண்டையாலேயே உயர்த்தும் பெண்கள் ஆகிய அனைவரும் கைகளைக் கட்டிக்கொண்டு, தம் பெயர் ஏறிவிடுமோ என்று பலகையையே பார்த்தபடி இருந்தனர். எண்பது நிமிடத் தாமதத்தை எவரும் கேட்கவில்லை. காலையில் ஐந்து நிமிடம் பிந்தி வந்த பிள்ளை வாயிற்கதவுக்கு வெளியே நின்று செபம் சொல்ல வேண்டும். எண்பது நிமிடம் பிந்தி வந்த பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தப்படும். பேசியவர் என்று பட்டியல் உண்டு, பிந்தி வந்தவர் என்று பட்டியல் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குழந்தைக்கு உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது. தாத்தாக்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சிய விழுமியங்களுக்கு இனி இடம் குறைவு. இறைப்பற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியது மேலே ஆங்காங்கே வந்துவிட்டது. பகிர்வுக்குக் காலை உணவுத் திட்டமே சான்று. ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்ட விழா 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளியிலும், நகர்ப்புறப் பள்ளிகளுக்கான விழா 2025 ஆகஸ்டு 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியிலும் நடைபெற்றன. சூடான பொங்கல் வாயில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில், லீடரும் பட்டியலும் இன்றி, ஒரு வகுப்பு முழுவதும் தானாக அமைதியாக இருப்பதைக் காணலாம். இதிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வாய்மையைப் பொறுத்தவரை, உள்ளத்தில் பிறப்பது உண்மை, வாயில் பிறப்பது வாய்மை, உடம்பாகிய மெய்யில் விளங்குவது மெய்ம்மை என்பது பழைய பாகுபாடு. வாயைப் பொத்திவிட்டு வாய்மையைச் சுவரில் எழுதுவது எவ்வாறு பொருந்தும் என்னும் வினாவை எழுப்புவதோடு நிற்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது விழுமியத்துக்கு வருவதற்கு முன், ஒரு செய்தியை மட்டும் பதிவுசெய்வது இன்றியமையாதது.

சனி, ஞாயிறு பள்ளி விடுமுறையாதலால் பலகை துடைக்கப்படவில்லை. திங்கட்கிழமை மாலை பேத்தி கொண்டுவந்த செய்தியின்படி, மூணாவது பெஞ்சு தாத்தா அங்கேயே இருந்தார். செவ்வாயன்று காலை பேத்தியின் பையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று, லீடருக்கு என்ற குறிப்புடன், நோக்கம் எதுவும் எழுதப்படாமல் வைத்து அனுப்பப்பட்டது. மாலையில் பேத்தி வந்து, லீடர் மிட்டாயை வகுப்பில் எல்லோருக்கும் ஒடித்துப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டதாகவும், எல்லோரும் தாத்தாவுக்கு நன்றி சொல்லச் சொன்னதாகவும் கூறினாள்.

"பேரை அழிச்சாளா?"

"இல்ல தாத்தா. மிஸ் வந்து கேட்டாங்க, நீங்க பேசினது நெஜம்தானேன்னு. நெஜம்தான்னு நான்தான் சொன்னேன். ஆனா ரெட்டைக் கொம்பு போட்டுட்டா."